ஃபோர் அயர்ன், குடமுருட்டி மணல், ஒரு தவில்

ஃபோர் அயர்ன் என்கிற கோல்ஃப் மட்டையை (மட்டையைக் கிளப் என்பார்கள்) ஓரளவு ஒழுங்காக அடிக்க எனக்கு இரண்டு கோடை பிடித்தது. எதில் போட்ட பணம் வீண், எது காசில்லாமல் பலித்தது என்று எழுதி வைக்கிறேன்.

டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு கோல்ஃபா என்று கேட்பீர்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது பழகியது. 2023 கடைசியில் பாபநாசம் பக்கம் ஊருக்கே திரும்பிவிட்டேன். பை நிறைய கிளப் இருந்தது, அடிக்க இடம்தான் இல்லை. அறுத்த வயலில் அடிக்கலாமே என்பார்கள். அதுவும் நடக்காது. தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவதால், கதிர் போன கையோடு தாளுக்கு நடுவில் அது முளைத்து நிற்கும். அப்புறம் ஆடு, மாடு.

ஆகவே கொல்லையில் வலை கட்டினேன். கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. அதைவிடச் சின்னக் கண் உள்ள மீன்வலை போதும். நாகப்பட்டினத்தில் பழைய நைலான் வலை வாங்கி, இரண்டாக மடித்து, தொய்வாகத் தொங்கவிட்டேன். தொய்வு இருந்தால்தான் பந்தின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். இழுத்துக் கட்டினால் அடித்தவன் மேலேயே திரும்பும். வெயிலில் நைலான் இற்றுப்போகும் என்பதால் அடிக்கடி கையால் இழுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் செய்த செலவிலேயே உருப்படியானது இதுதான்.

உருப்படாதது, இணையத்தில் வாங்கிய செயற்கைப் புல் பாய். பந்துக்கு இரண்டு விரற்கடை பின்னால் கிளப் தரையைத் தொட்டாலும், அந்தப் பாயில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தில் மோதிவிடும். ‘டப்’பென்று சத்தம் பிரமாதமாகக் கேட்கும். ஆறு மாதம் அந்தச் சத்தத்தை நம்பி மோசம் போனேன். கூடவே இடது முழங்கையில் வலி வேறு.

2024 மே மாதம் நண்பர் ஒருவர் கொடைக்கானல் கோல்ஃப் மைதானத்துக்கு அழைத்துப்போனார். 1895-ல் தொடங்கிய பழைய மைதானம், 18 குழி. ஃபோர் அயர்னை எடுத்து வீசினேன். பந்துக்கு ஒரு சாண் பின்னால் மண் கட்டியாகப் பெயர்ந்தது. பந்து முப்பதடி உருண்டு நின்றது. அடுத்த அடி பந்தின் தலையைச் சீவிக்கொண்டு போனது. தள்ளி மேய்ந்துகொண்டிருந்த காட்டெருமை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

செவன் அயர்னில் இவ்வளவு கேவலப்பட்டதில்லை. அதன் தண்டு சுமார் 37 அங்குலம், பந்தில் படும் முகத்தின் சாய்வு 33 பாகையை ஒட்டி இருக்கும். ஃபோர் அயர்னுக்குத் தண்டு 38.5 அங்குலம், சாய்வு 23 பாகை சுமார். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். சாய்வு குறைந்த முகத்தைப் பார்த்ததும், இது பந்தைத் தூக்காது, நாம்தான் தூக்கிவிட வேண்டும் என்று உடம்பு முடிவு செய்துவிடுகிறது. பாரம் வலது காலிலேயே தங்கும். கிளப் கீழே தொடும் இடம் பந்துக்குப் பின்னால் விழும். அயர்ன் எதுவானாலும் முதலில் பந்து, பிறகுதான் மண். செவன் அயர்னிலும் அதே தப்பைத்தான் செய்துகொண்டிருந்தேன். சாய்வு அதிகம் என்பதால் அது மூடி மறைத்திருக்கிறது.

ஊருக்கு வந்ததும் பாயைச் சுருட்டி மாட்டுக்கொட்டகையில் போட்டுவிட்டு, வறண்டு கிடந்த குடமுருட்டி ஆற்றில் இறங்கினேன். மணலில் குச்சியால் ஒரு கோடு கிழிப்பேன். அதைப் பந்து என்று வைத்துக்கொண்டு, பந்தில்லாமலே ஐம்பது முறை வீசுவேன். கிளப் விழுந்த தடம் கோட்டில் தொடங்கி, பந்து போகும் பக்கம் நீண்டிருந்தால் சரி. முதல் நாள் ஐம்பதில் ஒன்பதுதான் தேறியது. மற்றதெல்லாம் கோட்டுக்கு நாலு விரல் பின்னால்.

“என்ன தம்பி, மணல் அள்ளுறதுக்கு மம்பட்டி கெடைக்கலியா?” என்று ஆடு ஓட்டி வந்த ஒரு பெரியவர் கேட்டார். பாதி கேலி, பாதி சந்தேகம்.

மாற்றியது இரண்டே விஷயம். பந்தை இடது குதிகாலுக்கு நேராக வைத்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து ஒரு பந்து அகலம் உள்ளே தள்ளினேன். கிளப் கீழே இறங்கும் முன்பே இடது காலில் பாரத்தை இறக்கப் பழகினேன். அந்த வருடம் மேட்டூரில் தண்ணீர் இல்லாமல் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 தவறிப்போய், ஜூலை 28-ல்தான் அணை திறந்தார்கள். குறுவைக்காரர்கள் வயிறு எரிந்துகொண்டிருக்க, எனக்கு மட்டும் ஆறு வாரம் மணல் கூடுதலாகக் கிடைத்தது. வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை. தண்ணீர் வருவதற்குள் ஐம்பதில் முப்பத்தொன்று தேறியது.

அப்புறம் வலைக்கு முன்னால் இன்னொரு சோதனை. கிளப் முகத்தில் பவுடர் தடவி அடித்தால், பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். முதலில் பூஜை மாடத்துத் திருநீற்றுக்குத்தான் கை போனது. அம்மா முறைத்ததும் முகப் பவுடருக்கு மாறினேன். வட்டம் நடுவில் விழவில்லை, தண்டை ஒட்டியே விழுந்தது. அவசரத்தில் உடம்பு பந்தை நோக்கிச் சாய்ந்துகொண்டிருக்கிறது.

அந்த அவசரத்தைத் தீர்த்தவர் அடுத்த தெருத் தவில்காரர், எனக்கு மாமா முறை. தேர்ந்த ஆட்டக்காரர்கள் கிளப்பை மேலே கொண்டுபோக எடுக்கும் நேரம், கீழே இறக்கும் நேரத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று அவரிடம் சொன்னேன். “மூணுக்கு ஒண்ணுன்னா தகதிமிதானே மாப்ளே” என்று திண்ணையில் தட்டிக் காட்டினார். ‘தகதி’ முழுக்க மேலே. ‘மி’யில் இறக்கம். அடுத்த ‘த’வில் பந்து. நான் ‘க’விலேயே இறங்கிக்கொண்டிருந்தேன் என்பது அவர் சொல்லித்தான் தெரிந்தது. கோல்ஃபை வாழ்க்கையில் பார்த்திராத மனிதர்! வாங்கிய வீடியோப் பாடம் எதிலும் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

2025 மே மாதம் மறுபடி கொடைக்கானல். ஃபோர் அயர்னில் பத்துக்கு ஆறு சுத்தமாகப் பட்டது. தூரத்தைச் சொல்ல மாட்டேன். 2,000 மீட்டருக்கு மேல் உயரம், காற்று அடர்த்தி குறைவு, பந்து தானாகவே கூடுதலாகப் போகும். அங்கே அளந்ததை வைத்துச் சமவெளியில் கிளப் எடுத்தால் பந்து குறைவாகத்தான் விழும்.

ஃபோர் அயர்ன் வாங்கலாமா என்று கேட்டால், வேகம் குறைவாக வீசுகிறவர்கள் அதற்குப் பதில் ஹைப்ரிட் என்கிற வகைக் கிளப் வாங்கிவிடலாம். அடிப்பாகம் அகலமாக இருப்பதால் கொஞ்சம் பின்னால் பட்டாலும் மன்னிக்கும், பந்தும் சுலபமாக எழும்பும். எதிர்க்காற்றில் தாழ்வாக ஓட்டத்தான் நான் ஃபோர் அயர்னை வைத்திருக்கிறேன்; பிடிவாதமும் ஒரு காரணம். த்ரீ அயர்னை விற்றுவிட்டேன். வாங்கியவருக்கு மணல் கோட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்.

2025-ல் ஜூன் 12-லேயே மேட்டூர் திறந்துவிட்டார்கள். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. அணை மூடி மணல் காயும்வரை கொல்லையில் வலையும் பவுடரும்தான். வட்டம் இன்னும் ஒரு பட்டாணி அளவு தண்டுப் பக்கமாகவே விழுகிறது.