கிக்குயு புல்லுக்கு அண்மை அகச்சிவப்புப் பரிசோதனை: ஒரு பயனாளரின் மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் மாகாணத்து மிட்லண்ட்ஸ் பகுதியில், கிக்குயு என்னும் மேய்ச்சல் புல்லை நம்பிக் கறவை மாடு வைத்திருக்கும் தமிழர்கள் சிலர் என்னிடம் விசாரித்ததால், பீட்டர்மாரிட்ஸ்பர்க் வட்டாரத்தில் நான் பயன்படுத்தும் தீவன ஆய்வகத்தின் அண்மை அகச்சிவப்பு நிறமாலைச் சேவையை, அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒருவகை ஒளியைப் பாய்ச்சித் தீவனத்தின் தரத்தை மதிப்பிடும் சோதனையைப் பற்றி எழுதுகிறேன்.

இதன் முதல் சிறப்பு வேகம். தீவனத்தின் செரிமானத் திறனை அறிய 1963இல் டில்லி, டெர்ரி என்ற ஆய்வாளர்கள் வகுத்த முறையில், மாட்டின் அசையூண் வயிற்று நீரில் 48 மணி நேரமும், பிறகு பெப்சின் என்னும் செரிமான நொதியின் கரைசலில் 48 மணி நேரமும் மாதிரியை வைத்திருக்க வேண்டும். இங்கோ உலர்த்தி மாவாக அரைத்த புல்லின் மீது ஒளியைப் பாய்ச்சினால் போதும். கருவியின் வேலை ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. புல் முற்றுவதற்குள் முடிவு கைக்கு வருவதால், எந்த வயலில் மாட்டை முதலில் விடுவது, அடர்தீவனத்தை எவ்வளவு கூட்டுவது என்று அந்த வாரமே தீர்மானிக்க முடிகிறது. கட்டணமும், கரைசல்களைக் கொண்டு செய்யும் ஈரவேதியியல் சோதனையைவிடக் குறைவு.

ஆனால் கருவி செரிமானத்தை அளப்பதில்லை. புல்லிலுள்ள நீர், நார், புரதம் ஆகியவற்றின் வேதிப்பிணைப்புகள் ஒளியை உறிஞ்சும் விதத்தைப் பதிவுசெய்து, ஏற்கெனவே வேதியியல் முறையில் சோதிக்கப்பட்ட மாதிரிகளைக் கொண்டு அமைத்த சமன்பாட்டின் வழியே மதிப்பிடுகிறது. ஆகவே அந்தச் சமன்பாட்டுக்குள் எந்தப் புல் இருந்தது என்பதே சேவையின் தரத்தை நிர்ணயிக்கிறது. குளிர்கால ரைகிராஸ் புல்லைப் பெரும்பான்மையாகக் கொண்ட சமன்பாட்டிடம், இங்கே கோடைக்காலமான பிப்ரவரி மாதத்து முற்றிய கிக்குயுவைக் கொடுத்தாலும் அது தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்லிவிடும்! எனக்கு வந்த அறிக்கையில் செரிமான விழுக்காடு இரண்டு தசம இலக்கங்களுடன் அச்சிடப்பட்டிருந்தது. பிழை வரம்போ, கிக்குயு மாதிரிகள் எத்தனை என்ற விவரமோ இல்லை. கேட்ட பிறகே சொன்னார்கள். கேளாமலே தரவேண்டிய தகவல் அது.

தாதுக்களுக்கு இம்முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கனிமங்கள் இந்த ஒளியை நேரடியாக உறிஞ்சுவதில்லை. கிக்குயுவிலோ கால்சியமும் சோடியமும் குறைவு, பொட்டாசியம் மிகுதி, போதாக்குறைக்கு, கால்சியத்தை மாட்டுக்குக் கிடைக்கவிடாமல் கட்டிவைக்கும் ஆக்சலேட்டும் உண்டு. கறவை மாட்டுக்கு இவையே தொல்லை தருவன என்பதால், செரிமானத்துக்கும் புரதத்துக்கும் ஒளிமுறையை வைத்துக்கொண்டு, தாதுக்களுக்கு மட்டும் ஈரவேதியியல் சோதனையைத் தனியாகக் கேட்டு வாங்குகிறேன்.