வீட்டு சர்வர்: பழைய லேப்டாப்பா, ராஸ்பெர்ரி பையா, மினி பிசியா?

போட்டோக்களை இம்மிச்சில் சேர்த்து வைக்க, ஜெல்லிஃபினில் படம் பார்க்க, பை-ஹோல் போட்டு விளம்பரங்களைத் தடுக்க: வீட்டு சர்வர், அதாவது வீட்டிலேயே எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினி, வைப்பவர்கள் பெரும்பாலும் ஆரம்பிப்பது இவற்றில்தான். இதற்கெல்லாம் பிராசஸர் வேகம் பெரிய பிரச்சினை இல்லை. இரவு பகலாக ஓடும்போது ஆகும் கரண்ட் பில்லும், கரண்ட் கட்டுக்குப் பிறகு அது தானாக எழுந்து நிற்குமா என்பதும்தான் முக்கியம்.

அதனால் மூலையில் கிடக்கும் பழைய அசெம்பிள்டு டெஸ்க்டாப்பை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். சும்மா இருக்கும்போதே 50 வாட் இழுக்கும் பெட்டி என்றால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் நல்ல பங்கு இதற்கே போய்விடும். 10 வாட் பெட்டிக்கு அதே கணக்கில் 15 யூனிட்கூட வராது.

பழைய லேப்டாப் கையில் இருந்தால் செலவே இல்லை. திரையும் கீபோர்டும் கூடவே இருப்பதால், நெட்வொர்க் சொதப்பினாலும் மடியில் வைத்துச் சரிசெய்யலாம். பேட்டரியே யுபிஎஸ் என்பார்கள். அது பாதி உண்மைதான். கரண்ட் போனால் ரவுட்டர் அணைந்துவிடுமே! அதைவிடப் பெரிய கவலை, வருடக்கணக்கில் முழு சார்ஜில், சூட்டிலேயே கிடக்கும் பேட்டரி உப்பிக்கொள்வது. திங்க்பேட் போன்ற சிலவற்றில் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி லினக்ஸிலேயே வைத்துவிடலாம். அந்த வசதி இல்லாவிட்டால் பேட்டரியைக் கழற்றிவிடுவதே நல்லது. அப்போது அந்த இலவச யுபிஎஸ்ஸும் போச்சு.

உள்ளங்கை அளவுக் கணினியான ராஸ்பெர்ரி பை எனக்கும் பிடிக்கும். பை-ஹோல், வீட்டு விளக்கு, ஃபேனையெல்லாம் கட்டுப்படுத்தும் ஹோம் அசிஸ்டன்ட் மட்டும் போதும் என்பவர் வேறு எதையும் தேட வேண்டாம். ஆனால் 2023-ல் வந்த பை 5-ஐ முழு சர்வராக்கப் போனால் 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் தனி, ஃபேன் தனி, கேஸ் தனி, எஸ்எஸ்டி மாட்டும் ஹேட் என்ற துணை போர்டு தனி. கூட்டிப் பார்த்தால் செகண்ட் ஹேண்ட் மினி பிசி விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எஸ்டி கார்டிலேயே சமாளிக்கலாம் என்றால், டேட்டாபேஸ் ஓயாமல் எழுதும் வேலையை அது நெடுநாள் தாங்காது. எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் மறுபடி பூட் ஆகாமலும் போகலாம். அப்புறம், பை 4-ல் இருந்த வீடியோ என்கோடரை (வீடியோவை வேறு ஃபார்மட்டுக்கு மாற்ற உதவும் சிப் பகுதி) பை 5-ல் எடுத்துவிட்டார்கள். டிவி ஏற்காத ஃபார்மட்டை ஜெல்லிஃபின் மாற்றித் தர வேண்டியிருந்தால் திணறும்.

என் ஓட்டு மினி பிசிக்கு, அதாவது கைக்கடக்கமான குட்டி டெஸ்க்டாப்புக்கு. லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி எல்லாம் கம்பெனிகள் கழித்துவிட்டவை, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலெக்ட்ரானிக்ஸ் சந்தைகளில் கிடைக்கும். இன்டெல் ஐ5-8500டி பிராசஸர் உள்ள மாடலில் ஆறு கோர் இருக்கிறது. வீடியோ மாற்றும் வேலையை அதற்குள்ளேயே இருக்கும் இன்டெலின் குவிக்சிங்க் பார்த்துக்கொள்ளும். சும்மா இருக்கும்போது இழுப்பது சுமார் 10 வாட். பயாஸில் (கணினி ஆன் ஆகும்போதே திறக்கும் அடிப்படை செட்டிங் பக்கம்) ஒரு செட்டிங்கை மாற்றினால் கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகிவிடும். பல லேப்டாப்களில் இந்த வசதி கிடையாது. குறை ஒன்றுதான்: பெரிய 3.5 இன்ச் டிஸ்க் உள்ளே நுழையாது. பேக்கப்புக்கு எப்படியும் வெளியே ஒரு டிஸ்க் வாங்கத்தான் வேண்டும்.

சினாலஜி போன்ற ரெடிமேட் நாஸ் (நெட்வொர்க்கில் வைக்கும் சேமிப்புப் பெட்டி), லினக்ஸ் பக்கமே போக விரும்பாதவர்களுக்கு. டிஸ்க் விலை தனி.

வெளியூரிலிருந்து வீட்டு சர்வரைத் திறப்பதில் மட்டும் எந்தப் பெட்டிக்கும் அனுகூலம் இல்லை. இங்கே பல இணைப்புகளில் பொது ஐபி (வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய இணைய முகவரி) கிடைப்பதில்லை; அதனால் ரவுட்டரில் வழி திறந்துவிடும் போர்ட் ஃபார்வேர்டிங் பலிக்காது. நம் கருவிகளைத் தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேல் ஆப்பைப் போட்டால் பத்து நிமிட வேலை.

மினி பிசி வாங்கினால் கடையிலேயே ஆன் செய்து பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு இருந்தால் வாங்காதீர்கள். டெல் என்றால் ஒரிஜினல் அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள். வேறு அடாப்டரை அடையாளம் தெரியாவிட்டால் டெல் பெட்டி பிராசஸர் வேகத்தையே குறைத்துவிடும்.