அலபாமா vs கியர்சார்ஜ்: சங்கிலி ஜெயிச்சுதா, வெடிமருந்து தோத்துதா?

அலபாமா, கியர்சார்ஜ் ரெண்டும் போர்க்கப்பல். ரெண்டும் மோதிக்கிட்டது அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் சண்டைதான், ஆனா நடந்த இடம் பிரான்ஸ்ல ஷெர்பூர் துறைமுகத்துக்கு வெளிய. 1864 ஜூன் 19, ஞாயித்துக்கிழமை, கரையில திருவிழாக் கூட்டம்.

பேப்பர்ல பார்த்தா ரெண்டும் சமம் மாதிரிதான் இருக்கும். பிரிஞ்சு போன தெற்கு மாநிலங்களோட அலபாமாவுக்கு 8 பீரங்கி, வடக்கு மாநிலங்களோட கியர்சார்ஜுக்கு 7, ரெண்டுலயும் ஆளு 150 சொச்சம், ரெண்டும் பாயும் நீராவியும் சேர்ந்த மரக்கப்பல். கேப்டன்கள் செம்ஸும் (அலபாமா) வின்ஸ்லோவும் (கியர்சார்ஜ்) மெக்சிகோ போர் சமயத்துல ஒரே கேபின்ல இருந்தவங்க வேற!

ஆனா பீரங்கி எண்ணிக்கையை விடுங்க, கியர்சார்ஜ்கிட்ட டால்கிரன்ங்கிற 11 இன்ச் கனத்த பீரங்கி ரெண்டு இருந்துச்சு. அலபாமாவோட 7 இன்ச் பிளேக்லி பீரங்கி தூரத்துல இருந்து அடிக்க நல்லா இருக்கும், கிட்ட வந்துட்டா டால்கிரன்தான் ராஜா, வின்ஸ்லோவும் கிட்ட வரத்தான் பார்த்தாரு.

அடுத்து கப்பலோட உடம்பு. அலபாமா ரெண்டு வருஷத்துல 60-க்கும் மேல கப்பலைப் பிடிச்சு உலகத்தையே சுத்தினது (1864 ஜனவரியில நம்ம பக்கம் மலபார் கரை அஞ்சுதெங்குல கைதிகளை இறக்கிட்டுப் போயிருக்கு), அடியில செம்புத் தகடு பிஞ்சு, பாய்லர் தேஞ்சு, ரிப்பேருக்குத்தான் ஷெர்பூருக்கே வந்துச்சு.

இப்ப சங்கிலி மேட்டர். குண்டு துளைக்காம இருக்க கியர்சார்ஜ் பக்கவாட்டுல நங்கூரச் சங்கிலியைத் தொங்கவிட்டு மேல பலகை அடிச்சு மறைச்சிருந்தாங்க. ஏமாத்திட்டாங்கன்னு செம்ஸ் கடைசி வரைக்கும் பொலம்பினாரு. எனக்கு இது சப்பைக்கட்டாத்தான் தெரியுது, ஏன்னா சங்கிலி மேல பட்டதே ஒண்ணு ரெண்டு குண்டுதான், அதுவும் சின்னது. தவிர சங்கிலி அவர் கப்பல்லயும்தானே இருந்துச்சு?

நிஜமான வில்லன் வெடிமருந்து. ரொம்ப நாள் கடல்ல கிடந்து வீக் ஆயிடுச்சு, சில மாசம் முன்னாடி பிடிச்ச ஒரு கப்பலைச் சுட்டுப் பழகினப்பவே குண்டு பல வெடிக்கலன்னு செம்ஸுக்குத் தெரியும், தெரிஞ்சும் இவராத்தான் சண்டைக்குக் கூப்பிட்டாரு. அலபாமா 370 வரைக்கும் சுட்டுச்சு, கியர்சார்ஜ் 173, நிதானமா குறி பார்த்து. ஒரு மணி நேரத்துக்கு மேல வட்டம் போட்டு அடிச்சுக்கிட்டதுல அலபாமா முழுகிருச்சு, எதிர்ப்பக்கம் செத்தது ஒருத்தர். செம்ஸை டியர்ஹவுண்ட்ங்கிற இங்கிலீஷ் உல்லாசப் படகு தூக்கிட்டுப் போயிருச்சு.

அந்த பிளேக்லி குண்டு ஒண்ணு கியர்சார்ஜோட பின்தூண்ல, சுக்கான் மாட்டியிருக்கிற கட்டையில போய்க் குத்தி நின்னுச்சு. வெடிச்சிருந்தா கதையே வேற, வெடிக்கல. அந்தக் கட்டையை அப்படியே குண்டோட அறுத்தெடுத்து வாஷிங்டன் கடற்படை மியூசியத்துல வெச்சிருக்காங்க.