ஐம்பதா, முப்பத்தைந்தா: தெருவில் ஒரு மீட்டர் சண்டை

சராசரி உயரமுள்ள ஓர் ஆளைத் தலை முதல் கால் வரை படமெடுக்க வேண்டும், கேமராவைப் படுக்கை வாட்டில் பிடித்திருக்கிறீர்கள். 50 மி.மீ. லென்ஸ் என்றால் மூன்றரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 35 என்றால் இரண்டரை மீட்டர் போதும். 28 என்றால் இரண்டே மீட்டர். இது ஃபுல் ஃப்ரேம் கேமராவின் கணக்கு, அதாவது படம் பதியும் சென்சார் பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவுக்கே இருக்கும் கேமரா; மற்றதற்குப் பிறகு வருகிறேன்.

மயிலாப்பூர் மாட வீதியில் பூக்கட்டும் ஓர் ஆயா இருக்கிறார். அவரிடமிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்றால் நடுவில் ஒரு ஸ்கூட்டர் வரும், பை நிறையக் கீரையோடு ஒரு மாமி வருவார், சமயத்தில் மாடும் வரும். இரண்டரை மீட்டரில் நின்றால் யாரும் குறுக்கே வரமாட்டார்கள். ஆனால் ஆயா நிமிர்ந்து பார்த்து, "இன்னா தம்பி, பேப்பர்ல வருமா?" என்பார். அவ்வளவுதான், நான் எடுக்க நினைத்த படம் போயிற்று. வேறொரு படம் வந்தது, அது வேறு விஷயம்.

தெருப் படமெடுப்பவர்கள் 50ஐயும் 35ஐயும் வைத்துக்கொண்டு போடும் சண்டை முழுக்க இந்த ஒரு மீட்டரைப் பற்றியதுதான் என்பது என் எண்ணம். ஆனால் சண்டை போடுகிறவர்கள் ஒரு மீட்டரைப் பற்றிப் பேசுவதில்லை. "50 மி.மீ. மனிதக் கண் பார்ப்பதுபோலவே பார்க்கும்" என்று ஆரம்பிப்பார்கள். முதலில் அதை முடித்துவிடுவோம்.

ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அளவு 36க்கு 24 மி.மீ. அதன் மூலைவிட்டம் 43 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். அதற்குப் பக்கத்தில் இருக்கும் குவியத்தூரத்தைத்தான் (லென்ஸின் மேல் எழுதியிருக்கும் மி.மீ. எண்) 'ஸ்டாண்டர்ட்' என்கிறோம். அந்தக் கணக்கில் பார்த்தால் 40தான் 50ஐ விட ஸ்டாண்டர்ட். 1925ல் விற்பனைக்கு வந்த முதல் லைக்கா கேமரா 50 மி.மீ. லென்ஸோடு வந்தது, அதற்குப் பின்னால் வந்தவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கண்ணுக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. பின்னால் இருப்பது பெரிதாகத் தெரிகிறதா, முன்னால் இருப்பவரின் மூக்கு புடைத்துத் தெரிகிறதா என்பதெல்லாம் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நின்ற இடத்திலிருந்து எவ்வளவு அள்ளுவது என்பதை மட்டுமே லென்ஸ் தீர்மானிக்கிறது.

அதனால்தான் போனிலிருந்து கேமராவுக்கு வருகிறவர்கள் 50ஐ மாட்டியதும் திகைத்துப்போகிறார்கள். போனின் பிரதான கேமரா பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ.க்குச் சமம். அதில் பழகிய கைக்கு 50 என்பது ஜன்னலைப் பாதி மூடிய மாதிரி. அதே காட்சி உள்ளே வர இரண்டு மடங்கு தூரம் பின்னால் போக வேண்டும். பின்னால் சாக்கடை இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

முதலில் உங்கள் கேமரா எது?

நம் ஊரில் நடக்கும் பெரிய குழப்பம் இங்கேதான். எல்லோரும் 50 எஃப் 1.8 வாங்கச் சொல்கிறார்கள் (எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும்). விலை குறைவு, எடை குறைவு, ராத்திரியிலும் எடுக்கலாம். எல்லாம் உண்மை. ஆனால் வாங்குகிறவர்களில் பலர் கையில் இருப்பது க்ராப் சென்சார் கேமரா, அதாவது ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்ன சென்சார். நிக்கான், சோனி, ஃபுஜி என்றால் லென்ஸின் எண்ணை 1.5ஆல் பெருக்க வேண்டும். கேனான் என்றால் 1.6ஆல். உங்கள் 50 அங்கே 75 ஆகவோ 80 ஆகவோ ஆகிவிடுகிறது. முன்பு சொன்ன அதே ஆள் முழுசாக வர ஐந்து மீட்டருக்கு மேல் தள்ளிப்போக வேண்டும். சௌகார்பேட்டையில் ஐந்து மீட்டர் பின்னால் போனால் நீங்கள் எதிர் கடையின் கல்லாவில் உட்கார்ந்திருப்பீர்கள்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு வருடம் முழுக்க முகங்கள், கைகள், மேலும் முகங்கள். அழகாகத்தான் இருந்தன. ஆனால் எந்த ஊர், எந்தத் தெரு என்று ஒரு படமும் சொல்லவில்லை. பின்னணி முழுக்க வெண்ணெய் மாதிரி உருகிப் போயிருந்தது. அதைத் தெருப் படம் என்று சொல்லிக்கொள்ள இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஆகவே க்ராப் சென்சார்காரர்களுக்குப் பதில் சுலபம். நிக்கானில் 2009ல் வந்த டிஎக்ஸ் 35 எஃப் 1.8ஜி, 200 கிராம் எடை. அது 52க்குச் சமம், அதாவது உங்களுக்கு அதுதான் 50. கேனானில் இ.எஃப்.-எஸ் 24 எஃப் 2.8, 125 கிராம், தோசைக்கல் மாதிரி தட்டையானது, 38க்குச் சமம். ஃபுஜியில் 35 எஃப் 2 போட்டால் 50 மாதிரி, 23 எஃப் 2 போட்டால் 35 மாதிரி. பழைய நிக்கான் 50 எஃப் 1.8டி செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னால், உங்கள் கேமரா பாடியில் ஃபோகஸ் மோட்டார் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டி3500, டி5600 போன்றவற்றில் அந்த லென்ஸ் தானாக ஃபோகஸ் ஆகாது, கையால்தான் திருப்ப வேண்டும்.

இனி 50, 35 என்று நான் சொல்வதெல்லாம் ஃபுல் ஃப்ரேம் கணக்கு, அல்லது அதற்குச் சமமானது.

கிட் லென்ஸே போதாதா?

கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 ஜூமைத்தான் கிட் லென்ஸ் என்கிறோம். போதும், பகலில். மதிய வெயிலில் எஃப் 8ல் எடுத்த படத்தைக் காட்டி, இது 18-55ல் எடுத்ததா, ஜூம் ஆகாத பிரைம் லென்ஸில் எடுத்ததா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. பிரைம் என்றால் படம் கத்தி மாதிரி இருக்கும் என்பதெல்லாம் தெருவுக்கு அவ்வளவாகப் பொருந்தாத பெருமை. சாயங்காலம்தான் வித்தியாசம் தெரியும். 18-55ஐ 55க்கு நீட்டினால் எஃப் 5.6, பிரைமில் எஃப் 1.8. உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய பத்து மடங்கு. திருவல்லிக்கேணியில் டீக்கடை பல்பு வெளிச்சத்தில் படம் வருமா வராதா என்பதை இந்தப் பத்து மடங்குதான் முடிவு செய்யும்.

ஜூமோடு எனக்கு இருக்கும் சண்டை வெளிச்சத்தைப் பற்றியதல்ல. படம் கண்ணில் பட்டதும் கை வளையத்தைத் திருக ஆரம்பிக்கிறது. திருகி முடிப்பதற்குள் சைக்கிள்காரர் போய்விடுகிறார். பிரைமில் திருக ஒன்றுமில்லை. ஒரு மாதம் அதே லென்ஸோடு நடந்தால், கேமராவைக் கண்ணில் வைக்கும் முன்பே படச் சட்டத்தின் ஓரம் எங்கே விழும் என்று தெரிந்துவிடும்.

ஆனால் வாங்கும் முன் ஜூமுக்கு ஒரு கடைசி வேலை கொடுங்கள். 18-55ன் வளையத்தை 35ல் வைத்து (இது மட்டும் வளையத்தில் இருக்கும் எண்; க்ராப் சென்சாரில் 50க்குச் சமம்), செலோடேப் ஒட்டி, ஒரு வாரம் நடங்கள். அடுத்த வாரம் 24ல் ஒட்டுங்கள், அது ஏறக்குறைய 35. எந்த வாரம் டேப்பைப் பிய்க்கக் கை குறைவாகப் பரபரத்ததோ அந்த லென்ஸை வாங்குங்கள். ஒரு பைசா செலவில்லாமல் இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது.

ஃபோகஸ்: இங்கே 35 அடித்துவிடுகிறது

எஃப் 8, ஃபோகஸ் மூன்று மீட்டரில். இப்படி வைத்துவிட்டால் 50ல் ஏறத்தாழ 2.3 மீட்டரிலிருந்து 4.2 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். 35ல் 1.9லிருந்து 7 மீட்டர் தாண்டி. 28ல் ஒன்றரை மீட்டர் சொச்சத்தில் தொடங்கி முப்பது மீட்டரையும் தாண்டிவிடும், அதாவது தெரு முழுக்க. 28 பிடித்துக்கொண்டு நியூயார்க் நடைபாதைகளில் நடந்த புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் எப்படி அத்தனை வேகமாக எடுத்தார் என்பதற்குப் பாதி விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. மீதிப் பாதி அவருடைய கால்கள்.

ரங்கநாதன் தெரு தீபாவளிக் கூட்டத்தில் கேமரா யார் மேல் ஃபோகஸ் பிடிக்கும் என்று அதற்கே தெரியாது. அங்கே ஃபோகஸை முன்கூட்டியே பூட்டி வைத்துவிட்டு நடப்பதுதான் வழி. 35ல் இது சுகம். 50ல் இரண்டு மீட்டர்கூட இல்லாத அந்தப் பட்டைக்குள் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். பாதி நேரம் வரமாட்டார். இப்போதைய மலிவு பிரைம்கள் பலவற்றில் தூர அளவு பொறிக்கப்படுவதும் இல்லை. மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் ஏதாவது ஒரு கம்பத்தின் மேல் ஆட்டோ ஃபோகஸ் பிடித்து, பிறகு சுவிட்சை மேனுவலுக்குத் தள்ளிவிடுங்கள். கை பட்டு வளையம் நகர்ந்துவிட்டதா என்று அவ்வப்போது சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வெளிச்சம்? நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு கேமரா காட்டும் உணர்திறன்) 400, எஃப் 8 வைத்தால் ஷட்டர் 1/1600 நொடி வரை போகும், தாராளம். மின்ட் தெருவின் சந்துகளில் நிழல் விழுந்ததும் ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றினால்தான் 1/250 கிடைக்கும். அதற்குக் கீழே போனால் நடக்கிறவர்களின் கால்கள் இழுபடும். புது மிரர்லெஸ் கேமராக்கள் ஆளின் கண்ணைத் தேடி ஃபோகஸ் பிடிப்பதால் 50ன் இந்தக் குறை இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஃப்ளெக்ஸ் பேனர் கணக்கு

சரி, இத்தனையும் 35க்குச் சாதகம். பிறகு ஏன் என் கேமராவில் 50 இருக்கிறது?

நம் தெருக்களால்தான். வெளிநாட்டுப் படங்களில் பின்னால் ஒரு சுவர் இருக்கும், ஒரு நிழல் விழுந்திருக்கும், ஒருவர் நடந்து போவார். நம் ஊரில் ஒருவர் நடந்து போனால் அவருக்குப் பின்னால் டிரான்ஸ்பார்மர், கேபிள் ஒயர், மஞ்சள் நீராட்டு விழா பேனர், பாதி கிழிந்த போஸ்டர், மூன்று பைக், ஒரு குப்பைத் தொட்டி. எல்லாமும் என்னைப் பாரேன் என்று கூப்பிடும்.

ஒரே ஆளை ஒரே அளவில் சட்டத்தில் வைக்கிறோம்: 50ல் மூன்றரை மீட்டரிலிருந்து, 35ல் இரண்டரை மீட்டரிலிருந்து. அவருக்குப் பின்னால் பத்து மீட்டரில் ஒரு சுவர். 50ல் அந்தச் சுவரில் பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம் படத்தில் வரும். 35ல் கிட்டத்தட்ட பதின்மூன்று மீட்டர். கூடுதலாக உள்ளே வரும் அந்த மூன்று மீட்டரில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளும்.

50ல் குறுக்கே ஸ்கூட்டர் வரும் என்றேன். ஸ்கூட்டர் இரண்டு நொடியில் போய்விடும். பேனர் போகாது. எனக்கு 50 பிடித்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்டியே-பிரெஸ்ஸோன் வாழ்நாளில் பெரும்பாலும் 50ஐயே வைத்திருந்தார் என்பதை 50 கட்சிக்காரர்கள் வேத வாக்கு மாதிரி சொல்வார்கள். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தவர் அவர்தான். அதனால் நமக்கு அவர் மேல் கொஞ்சம் சொந்தப் பிரியமும் உண்டு. 35 கட்சிக்காரர்கள் உடனே 35ஓடு தெருப் படமெடுத்த ஜோயல் மேயரோவிட்ஸை இழுப்பார்கள். அவரவர் நின்று எடுத்த தெரு வேறு. அவர்கள் யாரும் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் தக்காளி வண்டிக்கு வழி விட்டபடி எடுக்கவில்லை.

இடத்துக்கு இடம் மாறும் என்பதும் உண்மை. காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் என்றால் 35தான். ஏலம் கூவுகிறவர், கூடை தூக்குகிறவர், கணக்கு எழுதுகிறவர் மூவரும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். ஒருவரை மட்டும் வெட்டி எடுத்தால் ஏலம் எங்கே இருக்கிறது? மெரினா மணலில் 50. இடம் தாராளம், பின்னால் கடலும் வானமும்தான், ஆளைத் தனியாக நிறுத்தலாம். பங்குனியில் அறுபத்து மூவர் அன்று எந்த லென்ஸைக் கொண்டு போனாலும் தப்பானதைக் கொண்டுவந்துவிட்டோமே என்றுதான் தோன்றும். நான் 35ஐ மாட்டிக்கொண்டு, கூட்டம் தள்ளுகிற பக்கம் போவேன். அன்றைக்கு நிற்கும் தூரத்தை நாம் தீர்மானிப்பதில்லை.

இரண்டுக்கும் நடுவே 40 இருக்கிறது. கேனானின் 40 எஃப் 2.8 பான்கேக் 130 கிராம்தான். நிக்கான் இசட் பாடிக்கு 40 எஃப் 2 இருக்கிறது. முடிவெடுக்க முடியாதவர்களுக்கு நல்ல லென்ஸ். எனக்கு ஏனோ ஒட்டவில்லை.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால் ஒரு வார்த்தை. சென்னைக் காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். எனக்கு ஒருவர் "கண்ணாடி மாதிரி இருக்கு சார்" என்று சொல்லி விற்ற 50க்குள் சிலந்தி வலை மாதிரி ஒன்று படர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்தபோதுதான் தெரிந்தது. அபெர்ச்சரை (வெளிச்சம் நுழையும் துளை) முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, சாய்த்துச் சாய்த்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வாங்கிய பிறகு சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

பூக்கட்டும் ஆயாவுக்குப் போன மாதம் ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். 50ல் எடுத்தது. முகம், விரல்கள், நார், மல்லிகை மட்டும். பின்னணியில் ஒரு தொந்தரவும் இல்லை. நான் எடுத்ததிலேயே நல்ல படங்களில் ஒன்று என்று நினைத்திருந்தேன். ஆயா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கட எங்க தம்பி?" என்றார்.

அடுத்த வாரம் 35ஐ மாட்டிக்கொண்டு போனேன். கடை வந்தது, தராசு வந்தது, சாமி படம் வந்தது, பக்கத்துச் சுவரின் பேனரில் கும்பிட்டபடி நிற்கும் வட்டச் செயலாளரும் வந்தார். அந்தப் படத்தைத்தான் ஆயா பலகைக்கு மேலே ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்.