சொட்டுகிற கெர்னல்: ரீபூட்டா, லைவ் பேட்ச்சா, டிசிபிட்ராப்பா?

கெர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியின், நெட்வொர்க் குறியீட்டில் ரிசோர்ஸ் லீக் (எடுத்த மெமரியைத் திருப்பித் தராமல் கசியவிடும் பிழை) என்று ஒரு பாதுகாப்பு அறிவிப்பு வந்தால், அதைப் படித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுகிறவர்கள் நிறைய. யாரும் உள்ளே நுழையப் போவதில்லை, தகவல் எதுவும் திருட்டுப் போகாது, கொஞ்சம் மெமரி வீணாகும், அவ்வளவுதானே என்ற நினைப்பு. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கனெக்‌ஷனுக்கு 1 கேபி கசிகிறது. நிமிஷத்துக்கு 10 கனெக்‌ஷன் அந்தப் பிழையான வழியில் போகின்றன. ஒரு நாளைக்கு 14 எம்பி. 8 ஜிபி தீர ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும். அதே வழியை ஒருவர் வேண்டுமென்றே நொடிக்கு 1,000 தடவை தட்டினால்? இரண்டரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும்.

அதனால் எந்தத் தீர்வையும் எடை போடும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: கசிவின் வேகம் யார் கையில் இருக்கிறது? அடுத்த கேள்வி, கசிந்தது இன்னும் கண்ணுக்குத் தெரிகிறதா?

ஒரு புரோகிராம் மெமரியைக் கசியவிட்டால் அதைக் கொன்றுவிடலாம், கெர்னல் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளும். கெர்னலே கசிந்தால் அந்த மெமரி எந்தப் புரோகிராமின் கணக்கிலும் ஏறாது. லினக்ஸில் மெமரி தீர்ந்ததும் ஓஓஎம் கில்லர் எழுந்து, அதிகம் பிடித்து வைத்திருப்பதாகத் தெரிகிற புரோகிராமைக் கொல்லும். பெரும்பாலும் அது ஒரு தப்பும் செய்யாத டேட்டாபேஸ். கொன்ற பிறகும் கசிவு நிற்காது.

முதலில் பலர் கைவைப்பது குறித்த நேர ரீபூட். வாரம் ஒருமுறை விடியற்காலையில் மெஷினை அணைத்துப் போடுவது. கசிந்ததெல்லாம் ஒரே அடியில் திரும்பிவிடும், அதை மறுக்க முடியாது. உள்ளே இருக்கும் டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) ஒன்று தன் போக்கில் சொட்டுகிறது, வெளியாள் அதைத் தூண்ட முடியாது என்றால் பேட்ச் (பிழைத் திருத்தம்) வரும்வரை இது போதும். வெளியிலிருந்து பாக்கெட் அனுப்பித் தூண்ட முடியும் என்றால் வாராந்திர ரீபூட்டுக்கு அர்த்தமே இல்லை. மேலே சொன்ன இரண்டரை மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது வழி, மாட்டிக்கொண்டதை மட்டும் பிடுங்கி எறிவது. இதற்கு 2015 ஜூலையில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் குழு வெளியிட்ட அறிவிப்பைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சிவிஇ-2015-5358 என்று பதிவான பிழை அது. எதிர்முனை கனெக்‌ஷனை மூடிய பிறகு நம் பக்கமும் மூடி, கடைசி ஒப்புகைக்காகக் காத்திருக்கும் நிலைக்கு லாஸ்ட்-ஆக் என்று பெயர். வழக்கமாக ஒப்புகை வரும், வராவிட்டால் சில முயற்சிகளுக்குப் பிறகு கெர்னலே கைவிட்டுவிடும். இந்தப் பிழையால் சில கனெக்‌ஷன்கள் அந்த நிலையிலேயே நிரந்தரமாக உறைந்துபோயின. ஒவ்வொன்றும் ஒரு சாக்கெட்டையும் (கெர்னலில் தொடர்பின் முனை) சில எம்பஃப்களையும் (நெட்வொர்க் தகவலுக்கான மெமரித் துண்டுகள்) பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அந்த அறிவிப்பு தற்காலிகமாகச் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடிக்கும். தொடர்புகளைப் பட்டியலிடும் நெட்ஸ்டாட் கட்டளையின் கடைசி நெடுவரிசையில், அந்தக் கனெக்‌ஷனுக்குக் கடைசியாக ஏதாவது வந்து எத்தனை நொடி ஆயிற்று என்று இருக்கும். அது 100-ஐத் தாண்டிய வரிகளை மட்டும் ஆக் (awk) என்ற வரி பொறுக்கும் கருவி மூலம் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் தொடர்பை வெட்டிவிடும் டிசிபிட்ராப் கட்டளை ஒன்றை எழுதவைக்க வேண்டும். கவனியுங்கள், கட்டளை அச்சாகும், தானாக ஓடாது. நிர்வாகி ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு ஓட்ட வேண்டும். அது முக்கியம், ஏனென்றால் 100 நொடி பேசாமல் இருக்கும் கனெக்‌ஷனெல்லாம் செத்ததல்ல. சும்மா திறந்து கிடக்கும் ஒரு எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து மெஷினுக்குள் நுழையும்) செஷனும் அந்தப் பட்டியலில் வந்துவிடும். நானாக இருந்தால் லாஸ்ட்-ஆக் என்ற வடிகட்டியையும் சேர்த்துக்கொள்வேன்.

லினக்ஸில் எஸ்எஸ் கட்டளையின் பெரிய கே (-K) விருப்பம் இதே வேலையைச் செய்யும், கெர்னல் அதற்கான வசதியோடு கட்டப்பட்டிருந்தால். ஆனால் கசிந்த பொருள் ஏதாவதொரு பட்டியலில் இன்னும் இருந்தால்தான் இந்த வழி. ஒரு பிழைப் பாதையில் பஃபரை விடுவிக்க மறந்து, அது இருக்கும் இடத்தைக் காட்டும் கடைசிச் சுட்டியும் போய்விட்டது என்றால் பிடுங்குவதற்குப் பிடியே இல்லை. லினக்ஸின் மெமரி நிலவரக் கோப்பான மெம்இன்ஃபோவில் எஸ்அன்ரிக்ளெய்ம் என்ற எண் (கெர்னல் திரும்ப எடுக்க முடியாத தன் மெமரியின் அளவு) நாளுக்கு நாள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மூன்றாவது, லைவ் பேட்ச். 2015-ல் வந்த லினக்ஸ் 4.0-லிருந்து இதற்கான அடித்தளம் கெர்னலிலேயே இருக்கிறது. பிழையான ஃபங்ஷனுக்குப் போகும் அழைப்பைத் திருத்திய ஃபங்ஷனுக்குத் திருப்பிவிடும், மெஷின் நிற்காது. விடுவிக்க மறந்த ஒரு வரியைச் சேர்ப்பதுதான் திருத்தம் என்றால் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். பலரும் கவனிக்காத குறை ஒன்று உண்டு: அது ஓட்டையை அடைக்கும், ஏற்கெனவே சிந்தியதை அள்ளித் தராது. 8 ஜிபியில் 6 ஜிபி போன பிறகு லைவ் பேட்ச் போட்டால், மிச்சம் 2 ஜிபியில்தான் ஓடும். அறிவிப்பு வந்த அன்றே போட்டால் தங்கம். ஒரு மாதம் கழித்துப் போடுகிறவருக்கு எப்படியும் ரீபூட் வேண்டியிருக்கும்.

பிழை எஸ்சிடிபி போன்ற, உங்கள் மெஷினில் யாருமே பயன்படுத்தாத ஒரு புரோட்டோகாலில் இருந்தால் இவ்வளவு யோசனையே வேண்டாம். அதற்கான மாட்யூல் (கெர்னலில் தேவைக்கு ஏற்றும் துண்டு) ஏறாமல் தடுத்துவிடுங்கள். மாட்யூல்களை ஏற்றும் மாட்புரோபின் அமைப்புக் கோப்பில் பிளாக்லிஸ்ட் என்று மட்டும் எழுதினால் பெயர் சொல்லி ஏற்றுவதை அது தடுக்காது. இன்ஸ்டால் வரியில், எதையும் செய்யாமல் தோல்வி என்று மட்டும் சொல்லும் பின்/ஃபால்ஸைக் கொடுப்பதுதான் உறுதியான வழி. ஏற்கெனவே ஏறியிருக்கிறதா என்று எல்எஸ்மாட் போட்டுப் பாருங்கள்.

சாக்கெட் எண்ணிக்கை, எம்பஃப் எண்ணிக்கை ஆகியவற்றின் உச்சவரம்பை உயர்த்துவதும் ஒரு தீர்வாகப் பேசப்படுகிறது. அது விழும் நேரத்தைத் தள்ளிப்போடும், அவ்வளவே. வரம்பு குறைவாக இருந்தால் நெட்வொர்க் மட்டும் நிற்கும். உயர்த்திவிட்டால் மொத்த மெமரியையும் இழுத்துக்கொண்டு விழும். இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கடைசியில் திருத்திய கெர்னலும் ஒரு ரீபூட்டும்தான் ஓட்டையையும் அடைத்து, சிந்தியதையும் மீட்கும். இணையத்தை நேராகப் பார்த்து நிற்கும் சர்வர் என்றால் என் வரிசை இது: லைவ் பேட்ச் கிடைத்தால் அன்றே அதைப் போடுவேன், கிடைக்காவிட்டால், மாட்டியவை பட்டியலில் தெரிகிற வகையென்றால் டிசிபிட்ராப் பாணி ஸ்கிரிப்டைச் சில நிமிஷத்துக்கு ஒருமுறை கண்ணால் சரிபார்த்து ஓட்டுவேன், இரண்டில் எது நடந்தாலும் அந்த வாரத்துக்குள் புதுக் கெர்னலுக்கு ரீபூட். நாலு பேர் மட்டும் தொடுகிற உள் நெட்வொர்க் மெஷினுக்கு அடுத்த பராமரிப்பு நாள்வரை பொறுக்கலாம், எஸ்அன்ரிக்ளெய்ம் எண்ணை தினமும் குறித்துக்கொண்டே வந்தால்.