அப்பாவின் வழக்கும் எழுதி வைக்காத வக்கீல் பீஸும்

இந்த முறை கும்பகோணம் போனபோது பேங்க், ஆதார், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் நினைத்ததைவிடச் சுலபமாக முடிந்தன. விடுமுறையைத் தின்றது வக்கீல் பீஸ் விவகாரம்தான். ஊரில் வழக்கு வைத்துக்கொண்டு வெளிநாட்டில் இருப்பவர்கள் நிறையப் பேர் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

தாத்தா வீட்டுக்கும் அதையொட்டிய மனைக்கும் அப்பா 2015இல் பாகப்பிரிவினை வழக்கு போட்டார். வக்கீல் அவருடைய பள்ளிக்கூடத் தோழர். பாதிப் பங்கு அப்பாவுக்கு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை வந்தது. வந்த சில மாதங்களில் அப்பா போய்விட்டார். இனி இறுதித் தீர்ப்பாணைக்கு மனு போட்டு, கோர்ட் நியமிக்கும் கமிஷனர் வந்து அளந்து, பங்கைப் பிரித்து வாங்க வேண்டும். அது விஷயமாக அம்மாவும் நானும் வக்கீல் ஆபீசுக்குப் போனோம்.

"தம்பி, ஜெயிச்சா சொத்து மதிப்புல அஞ்சு பர்சென்ட்னு உங்க அப்பாவும் நானும் பேசிக்கிட்டோம். அவர் இருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது" என்றார். பங்கின் மதிப்பு 60 லட்சம் என்று அவரே கணக்குப் போட்டார். ஆக 3 லட்சம். அப்படியென்றால் இத்தனை வருஷம் கொடுத்தது? "அதெல்லாம் கேஸ் செலவு. பீஸ்னு நான் ஒத்தை ரூபா வாங்கல." பணம் வந்தால்தான் கேஸ் கட்டு வெளியே போகும் என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. குமாஸ்தா செருப்பு போடும் இடம்வரை வந்து சொன்னார்.

அப்பா எதையும் எழுதி வாங்கவில்லை. ஆனால் எல்.ஐ.சி. டைரிகளில் தினச்செலவு எழுதும் பழக்கம் அவருக்கு உண்டு. பால், மாத்திரை, கேஸ் சிலிண்டர் இவற்றுக்கு நடுவே வழக்கும் இருந்தது. 'கமிஷனர் 5,000', 'குமாஸ்தா 500', 'வாய்தா 1,000' என்று காரணம் போட்ட வரிகள் ஒரு பக்கம். 'வக்கீல் 10,000' என்று மொட்டையாக நிற்கும் வரிகள் இன்னொரு பக்கம். சித்தப்பா உட்கார்ந்து கூட்டியதில் மொத்தம் 1,15,000 வந்தது. அதில் மொட்டை வரிகள் மட்டும் 60,000. கோர்ட் வழக்குகளின் விவரம் பார்க்கும் இ-கோர்ட்ஸ் செயலியில், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக இருக்கும் சி.என்.ஆர். எண்ணை (எழுத்தும் எண்ணுமாக 16) போட்டால் வழக்கு எந்தெந்தத் தேதியில் வந்தது என்று வரிசையாகக் காட்டும். டைரியின் வாய்தா தேதிகளை அதோடு ஒப்பிட்டேன். ஏறக்குறைய எல்லாமே பொருந்தின. மனிதர் உழைத்திருக்கிறார், அதில் சந்தேகமில்லை. பிரச்சினை அந்த மொட்டை வரிகளும் ஐந்து சதவீதமும்தான்.

சித்தப்பாவின் நண்பர் ஒருவர் தஞ்சாவூரில் வேறொரு வக்கீலிடம் அழைத்துப் போனார். அவர் முதலில் சொன்னது, சொத்தில் இத்தனை சதவீதம் என்று பீஸ் பேசுவதே செல்லாது என்று. வக்கீல்களுக்கான ஒழுங்குமுறை அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் விதிகளில் 20ஆவது விதி இதைத் தடுக்கிறது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெலங்கானா வழக்கொன்றில் இதையே உறுதி செய்தது. அதில் கட்சிக்காரர் விபத்தில் கணவரை இழந்த ஒரு பெண். நஷ்டஈட்டில் 16 சதவீதம் பீஸ் என்று கேட்டு வாங்கிய காசோலை திரும்பிவிட, வக்கீல் செக் மோசடி வழக்கு போட்டிருந்தார். உச்ச நீதிமன்றம் அந்த வழக்கையே ரத்து செய்துவிட்டது. எங்களிடம் எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்று நாங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். இருந்திருந்தாலும் அந்த ஐந்து சதவீதம் நின்றிருக்காது.

'எல்லாம் செலவு' என்ற வாதத்துக்கும் விதியில் பதில் இருக்கிறது. கட்சிக்காரரிடம் வாங்கும் பணம் பீஸா, செலவா என்று வக்கீல் கணக்கில் பிரித்து எழுத வேண்டும்; கேட்டால் அந்தக் கணக்கின் நகலைத் தர வேண்டும். 26, 30ஆம் விதிகள். எழுதாமல் விட்டது அப்பா மட்டுமில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. எழுதும் பொறுப்பு அவரைவிட வக்கீலுக்கே அதிகம்.

கட்டைப் பிடித்து வைப்பதும் கூடாது. மத்தியப் பிரதேசக் கூட்டுறவு வங்கி ஒன்றின் வக்கீல் 97,100 ரூபாய் பாக்கி என்று கோப்புகளைத் தர மறுத்தார். பாக்கிக்காகக் கோப்பைப் பிணையாக வைத்துக்கொள்ளும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று 2000இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். அந்த வழி 2024 மே மாதத்தோடு அடைபட்டது: வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்தில் வராது என்று தீர்ப்பு. மிச்சமிருப்பது சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாநில பார் கவுன்சிலில் புகார். அதைத் தஞ்சாவூர் வக்கீல் உற்சாகமாகப் பரிந்துரைக்கவில்லை. வெறும் தொகைத் தகராறு என்றால் அங்கே பெரிதாக எடுபடாது. கட்டைத் தர மறுத்தார் என்றால்தான் கனம் வரும் என்றார்.

நான் இருக்கும் மெல்பர்னில் பீஸ் 750 டாலரைத் தாண்டும் என்றால் வக்கீல் முன்கூட்டியே செலவு விவரத்தை எழுத்தில் தந்தாக வேண்டும். தராவிட்டால் அந்த ஒப்பந்தமே செல்லாது. இதை ஊரில் சொன்னபோது சித்தப்பா, "அங்கே வக்கீல் உங்க அப்பாவோட பள்ளிக்கூடத்துல படிச்சவரா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இவ்வளவு சட்டம் கையில் இருந்தும், புது வக்கீலாக நாங்கள் நினைத்த அந்தத் தஞ்சாவூர்க்காரர் பழையவர்மீது கை வைக்கத் தயங்கினார். ஒரே கோர்ட் வட்டாரத்தில் நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள். பழையவரின் சம்மதம் இல்லாமல் வக்காலத்து (கட்சிக்காரர் வக்கீலுக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம்) போட்டால் வக்கீல் சங்கத்தில் பேச்சு வரும். ஆனால் எங்கள் விஷயத்தில் ஒரு வழி இருந்தது. கட்சிக்காரர் இறந்தால் அவர் கொடுத்த வக்காலத்தும் அதோடு முடிந்தது. அப்பாவின் வாரிசுகளாக அம்மாவும் நானும் கொடுப்பது புது வக்காலத்து, அதற்கு யார் சம்மதமும் வேண்டாம். தீர்ப்பு, தீர்ப்பாணை நகல்களைக் காப்பி அப்ளிகேஷன் போட்டு கோர்ட்டிலேயே வாங்கலாம். அசல் பத்திரங்கள் சான்றாவணங்களாக ஏற்கனவே கோர்ட்டில்தான் இருக்கின்றன. கட்டு இல்லாமல் வழக்கு நின்றுவிடாது என்று தெரிந்ததும் பேரம் எங்கள் பக்கம் சாய்ந்தது.

ஆனாலும் அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. "ஒன்பது வருஷம் கோர்ட் படி ஏறியிருக்கார்டா, சும்மா அனுப்பக் கூடாது" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. தீர்ப்பு வந்ததும் காணாமல் போகும் கட்சிக்காரர்கள் ஊரில் ஏராளம். அந்தப் பயத்தில்தான் சதவீதப் பேச்சே பிறக்கிறது. இருவருக்கும் தெரிந்த ஒரு மூத்த வக்கீல் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். டைரியை மேஜையில் வைத்ததும் பழைய வக்கீல் பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் நின்று, "இது பீஸ்தான்" என்று தானாகவே இரண்டு மொட்டை வரிகளை ஒப்புக்கொண்டார். கடைசியில் 75,000 என்று முடிந்தது. காசோலையாகக் கொடுத்தோம். 'இவ்வழக்கின் முழு பீஸும் செலவும் பெற்றுக்கொண்டேன்' என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். கட்டு அன்று மாலையே வீட்டுக்கு வந்தது, நாடா கட்டி, ஒரு தாள் குறையாமல்.

புது வக்கீலிடம் இறுதித் தீர்ப்பாணை மனுவுக்கான பீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். ஒப்பந்தம் என்றால் முகம் மாறும், வாட்ஸ்அப் என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பீஸ் 40,000, மூன்று தவணை. கமிஷனர் செலவும் முத்திரைத்தாளும் தனி, பில்லோடு. அப்பீல் போனால் தனியாகப் பேச வேண்டும் என்று தமிழிலேயே தட்டி அனுப்பினார். 'சரி சார், சம்மதம்' என்று பதில் போட்டுவிட்டு, முதல் தவணையை ஜிபேயில் அனுப்பும்போது குறிப்பில் 'பீஸ், தவணை 1' என்று எழுதினேன். மனு கோர்ட்டில் பதிவாகி நம்பர் ஆகிவிட்டதாக நேற்று செய்தி வந்தது.