சுருளா, பொட்டா, வளையமா? உப்புக்காற்றில் கேப் துப்பாக்கி

கேப் துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் கடையில் துப்பாக்கியைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது கேப்பை. சுருள் கேப்பா, பொட்டுக் கேப்பா, பிளாஸ்டிக் வளையமா என்று முடிவு செய்துவிட்டால் துப்பாக்கி தானாக அமைந்துவிடும். இராமநாதபுரம் கடலோரத்தில் அந்த முடிவை விலையும் சத்தமும் எடுப்பதில்லை, காற்றில் இருக்கும் ஈரம் எடுக்கிறது.

1985 வரை சிவகாசியும் இராமேஸ்வரமும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. காய்ந்த மேற்கில் கேப் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள். அதே பழைய மாவட்டத்தின் கிழக்கு முனையில், வடகிழக்குப் பருவமழை இறங்குகிற ஐப்பசியில், அதை வெடிக்கப் பார்க்கிறோம். சிவகாசியில் நன்றாக உலர்ந்து பெட்டியில் ஏறிய சரக்கு, பாம்பன் தாண்டி வந்து கடை வாசலில் தொங்கினால் முறுக்குக்கு முன்னால் நமத்துப் போகிறது. இதற்குக் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

மூன்று வகையிலும் ஏறக்குறைய ஒரே மருந்துதான்: சிவப்புப் பாஸ்பரஸும் பொட்டாசியம் குளோரேட்டும். தீ வேண்டாம், தட்டினாலே வெடிக்கும். அவ்வளவு முரட்டுச் சேர்க்கை. குளோரேட்டையும் கந்தகத்தையும் கலந்த வெடிமருந்துக்கு 1992இல் மத்திய அரசு தடை விதித்தபோதும், தீக்குச்சித் தலைக்கும் பொம்மைத் துப்பாக்கியின் காகிதக் கேப்புக்கும் விலக்கு இருந்தது. பொட்டு அளவு மருந்து என்பதால் கிடைத்த சலுகை அது. பொட்டு அளவு என்பதால் பிள்ளைகள் சட்டைப்பையில் அள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்று பொருள் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

சுருள் கேப்பின் கவர்ச்சி தெரிந்ததே. சின்னப் பெட்டியில் பல சுருள்கள், விலை குறைவு, விசையை இழுக்க இழுக்கத் தாள் நகர்ந்து வந்து படபடவென்று வெடிக்கும். இந்த ஏற்பாடு பொம்மைக்காரர்கள் கண்டுபிடித்ததன்று. எட்வர்ட் மேனார்டு என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1845இல் உண்மையான துப்பாக்கிக்காகக் காப்புரிமை வாங்கியது. அதுவரை சிப்பாய்கள் ஒவ்வொரு முறையும், அடித்தால் பொறி தரும் மருந்து வைத்த சின்னஞ்சிறு செப்புத் தொப்பி ஒன்றை விரலால் எடுத்து, குழலின் பின்னால் உள்ள முளையில் மாட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக மேனார்டு மருந்துப் பொட்டுகளை இரண்டு காகித நாடாக்களுக்கு நடுவே வைத்துச் சுருட்டிவிட்டார். அமெரிக்க ராணுவம் மயங்கி 1855ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கியில் அதைச் சேர்த்தது. மழையிலும் ஈரத்திலும் நாடா காலை வாரியது. 1861 மாதிரியில் மீண்டும் செப்புத் தொப்பிக்கே திரும்பிவிட்டார்கள்.

ஒரு ராணுவமே கைகழுவிய பொருளைத்தான் நாம் மழைக்காலத்தில் தங்கச்சிமடத்தில் பிள்ளை கையில் கொடுக்கிறோம். அன்று நடந்ததுதான் இன்றும் நடக்கிறது. ஈரம் ஏறிய தாள் தளர்ந்து, நகர்த்தும் பல்லில் சிக்கிக் கிழிகிறது. கிழியாவிட்டால் அரைப்பொட்டு தள்ளி நிற்கிறது, சுத்தி வெறும் தாளில் அடிக்கிறது. நல்ல வெயில் காலத்தில் சுருளுக்கு நிகர் இல்லை. ஆடி மாதம் கச்சான் காற்று வறண்டு வீசும்போது ஏதாவது திருவிழாக் கடையில் வாங்கினால் கடைசிப் பொட்டு வரை வெடிக்கும். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் இந்தக் கரையில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பொட்டுக் கேப்பில் நகரும் பாகம் எதுவும் இல்லை. ஒவ்வொன்றாக வைத்து அடிக்க வேண்டும். பொறுமை இல்லாத பிள்ளைக்கு அது தண்டனை. ஆனால் ஒன்று நமத்துப்போனால் அந்த ஒன்றுதான் போகும், துப்பாக்கி சிக்காது. துப்பாக்கியே இல்லாவிட்டாலும் கல்லால் தட்டலாம். ஒரு நட்டில் இரண்டு போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்கி, நடுவே பொட்டை வைத்துத் தரையில் எறிகிற பழைய விளையாட்டும் உண்டு. போல்ட் தெறித்துக் கண்ணில் பட வாய்ப்பிருப்பதால் கல்லே மேல்.

பொட்டின் உண்மையான ஆபத்து அது உதிரியாக இருப்பது. டப்பியிலிருந்து கால்சட்டைப் பைக்குப் போன பொட்டுகள், ஓடும்போது சாவியோடும் சில்லறையோடும் உரசி மொத்தமாகப் பற்றித் தொடையைச் சுட்டுவிடும். கேப்பால் நேரும் கொடுமையான காயங்களில் இது ஒன்று. நமத்த பொட்டை வெயிலில் காயவைப்பது இன்னொரு வம்பு. மற்ற பட்டாசுக்கு மொட்டை மாடி வெயில் காட்டுகிற பழக்கத்தை இதற்கும் நீட்டுகிறோம். நனைந்து காய்ந்த மருந்து தாளைவிட்டுப் பொடியாக உதிரும், அந்தப் பொடி லேசான உரசலுக்கே பற்றும். அடுப்படியில் வைத்து உலர்த்துகிறவர்களைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

வளையக் கேப்பில் எட்டு அல்லது பன்னிரண்டு பிளாஸ்டிக் கிண்ணங்கள் வட்டமாக ஒட்டியிருக்கும். மருந்து கிண்ணத்தின் அடியில் இருக்கிறது, ஈரம் புக ஒரு பக்கம் மட்டுமே வழி. செப்புத் தொப்பியின் நேர் வாரிசு இதுதான். அதனாலேயே செப்புத் தொப்பியின் பழைய தலைவலியும் இதற்கு வந்து சேர்ந்திருக்கிறது: அளவு.

செப்புத் தொப்பி மாட்டிச் சுடும் பழைய கரிமருந்து ரிவால்வர்களின் நகல்களை இன்றும் வெளிநாடுகளில் சுடுகிறவர்கள், பத்தாம் எண் தொப்பியா பதினொன்றாம் எண்ணா என்று மல்லுக்கட்டுகிறார்கள். ஒரு நிறுவனத்தின் பத்து இன்னொரு நிறுவனத்தின் பத்தைப்போல் இருப்பதில்லை. தொப்பி தளர்வாக இருந்தால் கழன்று பொறிக்குள் விழுந்து உருளையைச் சுழலவிடாது. இறுக்கமாக இருந்தால் முளையில் முழுதாக உட்காராது. சுத்தியின் முதல் அடி அதை உட்காரவைப்பதிலேயே செலவாகி, இரண்டாவது அடியில்தான் வெடிக்கும்.

நம் பொம்மையிலும் இதே கூத்து. எட்டு வளையத்துக்கான உருளையில் பன்னிரண்டு ஏறாது என்பது கண்ணுக்கே தெரியும். எட்டுக்கு எட்டு வாங்கியும் வேறு கம்பெனி வளையம் அரைகுறையாக உட்காருவதுதான் ஏமாற்றுகிறது. முதல் அடியில் ஊமையாகி இரண்டாவது அடியில் வெடித்தால், கேப் நமத்ததாக நினைக்க வேண்டாம், இறுக்கம்தான் காரணம். கடையிலேயே ஒரு வளையத்தை மாட்டி, துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். கீழே விழக்கூடாது, அழுத்தி ஏற்றவும் கூடாது. பொருந்துகிற கம்பெனி எது என்று தெரிந்தால் அந்தப் பருவத்துக்கு அதையே வாங்குங்கள்.

வளையத்தின் சத்தம் கூர்மையானது, காதருகே பிடிக்க விடாதீர்கள். எனக்கு அதில் உள்ள பெரிய குறை வேறு. சுருளும் பொட்டும் கரைந்து மண்ணாகிவிடும். சிவப்புப் பிளாஸ்டிக் வளையம் மணலில் கிடந்து அலையோடு போகும், எதிரே இருப்பதோ மன்னார் வளைகுடாவின் கடல்சார் தேசியப் பூங்கா. வளையம் வாங்கிக் கொடுக்கிறவர் வெடித்த வளையத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது என்று சொல்லிவிடுவது நல்லது. பிள்ளைகள் இதை ஒரு கணக்காகவே எடுத்துக்கொண்டு ஒழுங்காகச் செய்கிறார்கள்.

மழைக்காலத்துக்கு, ஆகவே, வளையம்தான் என் தேர்வு. கடற்கரையிலேயே விளையாடுகிற வீடானால் கல்லும் பொட்டும், பக்கத்தில் ஒரு பெரியவரும். சுருளைக் கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் துப்பாக்கியின் உலோகம் அரிக்கும். வெளியிலிருந்து கடல் உப்பு படிகிறது. உள்ளே, குளோரேட் வெடித்தபின் எஞ்சுவதும் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்புதான். அது ஈரத்தை இழுக்கும். எண்ணெய் மட்டும் தடவினால் அந்த உப்பு போகாது. ஈரத்துணியால் சுத்தியின் முகத்தை அன்றன்றே துடைத்து, நன்றாக உலர்த்தி, பிறகு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். கேப்பில் எண்ணெய் படக்கூடாது.

கேப் பெட்டியை இறுக மூடும் டப்பாவில் போட்டு, உயரத்தில் வையுங்கள். அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கொடுங்கள். வெடிக்காமல் போனவற்றைக் குப்பையோடு கொளுத்தாமல், ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டுப் பிறகு அப்புறப்படுத்துங்கள்.